மூன்று விநாடி மரியாதை

மனிதர்கள் பேசுவதற்கு முன்னால் எச்சில் விழுங்குகிறார்கள். ஒன்பது வருடமாக அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சட்டையில் குத்துகிற மைக் மிளகளவுதான் இருக்கும். ஆனால் தொண்டைக்குழி ஏறி இறங்குவது, நாக்கு பல்லிடுக்கில் துழாவுவது, வயிறு உறுமுவது என்று எதுவும் அதற்குத் தப்பாது. நிகழ்ச்சி தொடங்குமுன் ஒவ்வொருவர் மைக்கையும் நான் தனியாகக் காதில் போட்டுச் சோதிக்க வேண்டும். எல்லோர் குரலையும் கலந்து வெளியே அனுப்புகிற மிக்சரில் அதற்கென்று ஆளுக்கு ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் அந்த ஆள் மட்டும் என் ஹெட்ஃபோனுக்குள் வந்து உட்கார்ந்துகொள்வார். வெளியே யாருக்கும் கேட்காது. மைக் இன்னும் திறக்கவில்லை என்ற நம்பிக்கையில் பெரிய மனிதர்கள் பேசும் பேச்சு இருக்கிறதே, அதற்கு எச்சில் சத்தம் எவ்வளவோ தேவலை.

கல்லூரியை மூன்றாம் செமஸ்டரில் விட்டுவிட்டு இந்தத் தொலைக்காட்சி நிலையத்தில் இரவுப் பணிக்குச் சேர்ந்தேன். பிறகு இரவுச் செய்தியை ஒரு மென்பொருள் எடுத்துக்கொண்டது; என்னைப் பகலுக்கு மாற்றினார்கள். ஆனாலும் பட்டப்பெயர் போகவில்லை. எல்லோருக்கும் நான் ஆந்தைதான்.

பகலில் எனக்குக் கொடுத்த நிகழ்ச்சியின் பெயர் 'பொது நாற்காலி'. தினமும் மாலை நான்கு மணிக்கு நேரலை. ஒரு பக்கம் ஏதாவது நிறுவனத்தின் ஆள். எதிர்ப்பக்கம் அந்த நிறுவனத்தால் அடிபட்ட ஒரு சாதாரண ஆள். நடுவில் நெறியாளர். சாதாரண ஆளுக்கு நாற்காலி உறுதி. குரலுக்கு உறுதி இல்லை. விளம்பரம் கொடுப்பவர்களுக்கு வலிக்கும்படி எதையாவது அவர் சொல்லிவிட்டால் தயாரிப்பாளர் என் காதில் "வெட்டு" என்பார். வெட்டுவேன். இந்தத் தயாரிப்பாளரை நேரில் சார் என்போம். முதுகுக்குப் பின்னால் வெண்ணெய். எதிலும் ஒட்டாமல் வழுக்குவார், எந்தச் சூட்டிலும் உருகுவார் என்பதால் வந்த பெயர்.

வெட்டினால் பார்ப்பவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. "ஏன் நிறுத்தினீங்க?" என்று போன் வரும். ஒரு நாள் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் தன்னை ஏமாற்றிய கட்டுமானக் கம்பெனியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வெண்ணெய் "வெட்டு" என்றார். எனக்கு அன்று என்ன தோன்றியதோ, வெட்டவில்லை. அவருடைய ஃபேடரை, அதாவது சத்தத்தை ஏற்றி இறக்கும் அந்தச் சறுக்குக் குமிழை, மெதுவாகக் கீழே இழுத்தேன். மூன்று விநாடி. அதே மூச்சில் நெறியாளர் குரலை ஏற்றினேன். தபால்காரரின் குரல் மெலிந்து மெலிந்து அடங்கியது. பார்ப்பவர்களுக்கு, அவருக்கே தன் பேச்சில் நம்பிக்கை போய்த் தானாகவே நிறுத்திக்கொண்டதுபோல இருந்தது. அன்று ஒரு போன்கூட வரவில்லை.

வெண்ணெய் ஓடிவந்து என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். "ஆந்தை, வெட்டுனா அது சண்டை. இது மரியாதை!" என்றார்.

அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அதன்பிறகு "வெட்டு" என்று அவர் சொன்னதே இல்லை. "மரியாதை" என்பார். நான் மூன்று விநாடியில் ஒருவரை ஊமையாக்குவேன். எனக்கு அதில் பெருமைகூட இருந்தது. சொல்லவே கூசுகிறது.

சென்ற ஆண்டு பழைய மிக்சரைத் தூக்கிவிட்டுப் புதியதைக் கொண்டுவந்தார்கள். நாற்பது ஃபேடர்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு குட்டி மோட்டார். மேலே பெயர் ஓடுகிற குட்டித் திரை. பக்கத்துக் கணினியில் இருக்கிற மென்பொருளில் வரிசையாகக் கட்டளைகள். நாற்பது ஃபேடரும் எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு நேரத்தில் எங்கே நகர வேண்டும் என்று ஒவ்வொரு கட்டளைக்கும் மனப்பாடம். ஒரு விசையைத் தட்டினால் போதும், யாரும் தொடாமல் ஃபேடர்கள் தாமாக ஊர்ந்து போய்த் தத்தம் இடத்தில் நிற்கும். முதல் நாள் அலுவலகமே வேடிக்கை பார்க்க வந்தது. வரவேற்பில் இருக்கிற பெண் கைதட்டினாள். எனக்கு அது பிணத்தின் விரல்கள் அசைவதுபோல இருந்தது.

கற்றுக்கொடுக்க வந்த பொறியாளர் சொன்னார்: "நீங்க ஒரு தடவை செஞ்சு காட்டுங்க. அது அப்படியே பிடிச்சுக்கும்."

வெண்ணெய் சொன்னார்: "முதல்ல மரியாதையைக் காட்டு."

காட்டினேன். பிடித்துக்கொண்டது. என் விரல் எந்த இடத்தில் விரைந்தது, எந்த இடத்தில் தயங்கியது என்பதுவரை பிடித்துக்கொண்டது. அதை ஒரு விசையில் ஏற்றி, அந்த விசையை வெண்ணெய் தன் மேசைக்குக் கொண்டுபோய்விட்டார். அன்றிலிருந்து அவர் என்னிடம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. அங்கே அவர் தட்டுவார்; இங்கே என் கண்ணெதிரில் யாராவது ஒருவருடைய ஃபேடர் வழுக்கிக்கொண்டு இறங்கும். நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன். பாவம் என்னைச் சேராது என்று நினைத்தேன். கத்தியைத் தீட்டிக் கொடுத்துவிட்டு ரத்தத்தைப் பார்த்து முகம் சுளிக்கிறவனுக்கும் எனக்கும் வித்தியாசம் கிடையாது. அதை ஒப்புக்கொள்ள அக்கா வரவேண்டியிருந்தது.

அக்கா தண்ணீர் கேன் நிரப்பும் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவள். கழுவும் பகுதி. காலியாகித் திரும்பி வருகிற கேன்களுக்குள் மனிதர்கள் எதையெல்லாம் போட்டு வைத்திருப்பார்கள் என்று அவள் சொல்லி, நானும் அவளும் அவள் கணவரும் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்த நாட்கள் உண்டு. பீடித் துண்டு, பல் குத்திய குச்சி, கரப்பான், ஒருமுறை ஒரு பொய்ப்பல். அதெல்லாம் அவளுக்குப் பழக்கம். ஆனால் நான்கு மாதங்களுக்கு முன்பு, கழுவிய கேன்களைக் கடைசியாக அலசுகிற தொட்டியின் அடியில் ஒரு எலி கிடந்தது. செத்து இரண்டு நாளாவது இருக்கும். ரோமம் கழன்று தண்ணீரில் சுற்றிக்கொண்டிருந்தது. அலசிய கேன்களின் உட்புறத்திலும் ஒட்டியிருந்தது. மேற்பார்வையாளர் வலையால் எலியை எடுத்துப் போட்டுவிட்டு, "ஓடுற தண்ணிதானே, ஒண்ணும் ஆகாது" என்றார். அன்று நானூறு கேன்கள் வெளியே போயின.

அக்கா படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்பினாள். நாலு பேர் நாற்பதாயிரம் பேருக்கு அனுப்பினார்கள். ஒரே வாரத்தில், பழைய கோபத்தில் அவளே எலியைத் தொட்டியில் போட்டாள் என்று சொல்லிக் கம்பெனி அவளை வேலையை விட்டு நீக்கியது.

வேலை போனால் மருத்துவ அட்டையும் போகும். அவள் கணவருக்கு, என் மாமாவுக்கு, இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் இயந்திரத்தில் ரத்தத்தைக் கழுவினால்தான் உயிர். அதற்கான ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க அந்த அட்டையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. விசாரணை, மேல்முறையீடு என்று இழுத்துப் பார்த்தோம். கடைசியில் இந்த மாதத்தோடு அட்டை முடிகிறது என்று கடிதம் வந்தது.

அந்த நேரத்தில்தான் வெண்ணெய் இந்த விவகாரத்தை 'பொது நாற்காலி'க்கு எடுத்தார். அவள் என் அக்கா என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

நிகழ்ச்சி அன்று காலையில் அக்கா இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டாள்.

"டேய், நான் பேசுறது முழுசா வெளிய கேக்குமா?"

"ஏன், என்ன சந்தேகம்?"

"நீதானே சொல்லுவ, அங்க பாதிப் பேர் பேச்சை முழுங்கிடுவாங்கன்னு."

"அது ஊரான் பேச்சு. இன்னிக்கு நான் இருக்கேன்ல. ஒரு வார்த்தை சிந்தாது."

"சத்தியமா?"

"நீ எச்சில் முழுங்குற சத்தம்கூட ஊருக்கே கேக்கும். போதுமா?"

"ச்சீ, எழுந்து போடா அந்தப் பக்கம்."

கட்டிலில் சாய்ந்திருந்த மாமா சிரித்தார். "மச்சான், அப்படியே வீட்டுலயும் ஒரு பொத்தான் வெச்சுட்டுப் போ. உங்கக்கா சத்தத்தை நான் கொஞ்சம் குறைச்சுக்கறேன்."

"உங்களுக்கு வாய் மட்டும் நல்லா வேலை செய்யுது," என்றாள் அக்கா. பிறகு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நான் என்ன பேசினாலும் முழுசா போகணும். அதை மட்டும் பார்த்துக்க தம்பி."

தைரியமான பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். அவள் தைரியத்துக்கு நான் காவல் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வேலைக்குப் போனேன்.

புது மிக்சரில் ஒவ்வொரு ஃபேடருக்கும் மேலே நகத்தளவு பொத்தான் ஒன்று உண்டு. 'சேஃப்' என்று எழுதியிருக்கும். அதை அழுத்திவிட்டால் அந்த ஃபேடரை மென்பொருளால் நகர்த்த முடியாது. என்ன கட்டளை வந்தாலும் அது மட்டும் அசையாமல் நிற்கும். ஏற்றவும் இறக்கவும் மனிதக் கை ஒன்றால்தான் முடியும். அந்தப் பொத்தானை யாருக்காகவும் நான் அழுத்தியதில்லை. அக்காவின் மைக் ஆறாம் எண். மூன்றரை மணிக்கு ஆறாம் ஃபேடரைக் கையால் ஏற்றி வைத்துவிட்டு சேஃப் பொத்தானை அழுத்தினேன். மஞ்சள் விளக்கு எரிந்தது. வெண்ணெய் இனி விசையை உடைத்தாலும் அவள் குரல் இறங்காது.

மைக் சோதனை தொடங்கினேன். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவர் தண்ணீர்க் கம்பெனி மேனேஜர். நல்ல கொழுத்த கழுத்து. காதில் போட்டேன். எதையோ மென்றுகொண்டே முனகலாக ஒரு பாட்டு. கூழைக் கலக்குவதுபோல வாய்க்குள் சத்தம். பிறகு நீளமாக ஒரு ஏப்பம், என் மண்டைக்குள்ளேயே விட்டதுபோல. பொத்தானை அணைத்துவிட்டேன்.

அக்காவின் பொத்தானை அழுத்தவே இல்லை. விளக்கு ஏறி இறங்குவதைப் பார்த்து மைக் வேலை செய்கிறது என்று முடிவு செய்துகொண்டேன். ஊரில் உள்ள எல்லோருடைய வயிற்றுச் சத்தத்தையும் ஒட்டுக்கேட்டவன், கூடப் பிறந்தவளை மட்டும் கேட்கக் கூடாது என்று நினைத்தேன். நான் அவளுக்குக் கொடுக்கும் மரியாதை அது என்று நினைத்தேன்.

திரையில் பார்த்தால் மேனேஜர் குனிந்து அவளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கையில் மடித்த காகிதம் ஒன்று. அக்கா தலையாட்டினாள். மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு ஒரு கேள்வி கேட்டாள். அவர் தலையாட்டினார். மிரட்டிப் பார்க்கிறான் என்று எண்ணிக்கொண்டேன். மிரட்டிக்கோடா, மஞ்சள் விளக்கு எரிகிறது.

நான்கு மணி.

நெறியாளர் வணக்கம் சொன்னார். மேனேஜர் முதலில் பேசினார். தங்கள் தண்ணீர் ஏழு கட்டமாகச் சுத்தம் செய்யப்படுகிறது என்றார். "எங்க தண்ணி தாய்ப்பால் மாதிரிங்க" என்றார். என் தொண்டையில் எலி ரோமம் ஒட்டியதுபோல இருந்தது. அவர் பேசி முடித்ததும் நெறியாளர் அக்கா பக்கம் திரும்பினார்.

"சொல்லுங்கம்மா. தொட்டியில உண்மையிலேயே என்ன நடந்தது?"

அக்கா எச்சில் விழுங்கினாள். அது ஊருக்கே கேட்டது.

"நான் அங்க பத்தொம்பது வருஷம் வேலை பார்த்தவ. தொட்டியில எலி கிடந்துச்சுன்னு சொன்னது நான்தான். படம் எடுத்து அனுப்பினதும் நான்தான்."

அப்படிப் போடு அக்கா, என்று என் வாய் முணுமுணுத்தது.

"குடும்பச் சூழ்நிலையில் ஏற்பட்ட மன உளைச்சலின் காரணமாக..."

அக்கா வாழ்க்கையில் மன உளைச்சல் என்று சொன்னதில்லை. மனசு சரியில்லை என்பாள், தலை வெடிக்குது என்பாள், எங்கேயாவது போய்ச் சாகலாம்போல இருக்கு என்பாள். 'ஏற்பட்ட' என்று அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை. அது அந்த மடித்த காகிதத்தின் பேச்சு. அந்தக் கொழுத்த கழுத்துக்காரனின் எச்சில் அவள் நாக்கில் இருந்தது.

அடுத்த வரி எனக்குத் தெரிந்துவிட்டது. இன்னும் நான்கு வார்த்தை. என் அக்கா எலியைப் போட்டவளாகிவிடுவாள்.

என் கை போனது. யோசித்தேன் என்று சொன்னால் பொய். அருவருப்பு கையை நகர்த்தியது. வாந்தி வருகிறவன் வாயைப் பொத்துவதுபோல. ஆறாம் ஃபேடரில் விரல் வைத்து இறக்கினேன். மெதுவாக, மரியாதையாக. பாதி வழியில் அவள் "என் வீட்டுக்காரர்" என்றாள். அங்கே மட்டும் விரல் ஒரு கணம் நின்றது. பிறகு அடிவரைக்கும் இழுத்துவிட்டேன். மூன்று விநாடி.

வெளியே போகிற ஒலியில் அவள் இல்லை. நெறியாளரின் மைக்கில் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு முனகல். திரையில் அவள் வாய் அசைந்துகொண்டிருந்தது. வேறொரு விரல் தானாகப் போய், அவளை மட்டும் தனியாகக் கேட்க, அதுவரை நான் தொடாமல் வைத்திருந்த பொத்தானை அழுத்தியது. ஹெட்ஃபோனில் அக்கா வந்தாள்.

"...எலியை நானே போட்டேன். கம்பெனி மேல எந்தத் தப்பும் இல்லை. எல்லோரும் என்னை மன்னிக்கணும். இத்தனை வருஷம் சோறு போட்ட இடத்துக்கு..."

என் காதில் வெண்ணெய் அலறினார். "ஆந்தை! ஆறு எங்க? ஆறாம் நம்பரை ஏத்து! அவங்க மன்னிப்புக் கேக்குறாங்கய்யா, அதுதான் இன்னிக்கு நிகழ்ச்சியே! ஏத்துடா!"

தன் மேசையிலிருந்த விசைகளை அவர் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டினார். மற்ற ஃபேடர்கள் எல்லாம் குதித்து எழுந்து அவர் சொன்ன இடத்துக்குப் போயின. ஆறாம் எண் மட்டும் அடியிலேயே கிடந்தது. மேலே மஞ்சள் விளக்கு. அவளைக் காப்பாற்ற நான் போட்ட பூட்டு.

நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். அவள் பேசி முடிக்கும்வரை எடுக்கவில்லை. நெறியாளர் தடுமாறி, "ஒரு சின்ன இடைவேளை" என்றார்.

ஒப்பனை அறைக்கு வெளியே, காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் மேனேஜர் போனில் கத்திக்கொண்டிருந்தார். அக்கா அவர் பின்னால் போய் நின்றாள். "சார், நான் திரும்பச் சொல்றேன் சார். இடைவேளை முடிஞ்சதும் முதல்ல இருந்து சொல்றேன்."

அவர் போனைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "என்னம்மா சொல்லுவ? உன் வாயை நாங்க மூடிட்டோம்னு அதுக்குள்ள ஊரு முழுக்கப் பரவிடுச்சு. இனிமே நீ சாமி முன்னாடி நின்னு சொன்னாலும், நாங்க மிரட்டித்தான் சொல்ல வெச்சோம்பாங்க. பேசினதெல்லாம் அவ்வளவுதான். மறந்துடு."

"அட்டை சார்?"

அவர் மின்தூக்கிக்குள் ஏறினார்.

அக்கா திரும்பியபோது நான் நின்றுகொண்டிருந்தேன்.

"நீதானே?"

"ஆமா."

"கை தவறிடுச்சா?"

பொய் சொல்ல ஒரு வழி விட்டாள். நான் எடுத்துக்கொள்ளவில்லை. "இல்லை."

அவள் என்னையே பார்த்தாள். ஒப்பனைக்காரி பூசிவிட்ட பவுடர் அவள் மேலுதட்டில் வியர்வையோடு திரிந்திருந்தது.

"அவன் எழுதிக் குடுத்ததைப் போய் நீ..."

"ஆமாண்டா. அவன் எழுதிக் குடுத்ததுதான். மூணு நாளா மனப்பாடம் பண்ணேன். சொன்னா வேலை திரும்பக் கிடைக்கும், அட்டை நிக்காதுன்னு சொன்னான்."

"எலியை நீ போடலையேக்கா!"

"எலி செத்துப் போச்சு. உங்க மாமா இன்னும் சாகலை."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா காறித் துப்புவ. உனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். அவன் நாறுறான், இவன் நாறுறான். நான் பத்தொம்பது வருஷம் அந்த நாத்தத்துலதான் கையை விட்டுக் கழுவினேன். மூக்கைப் பிடிச்சுக்கிட்டு நின்னா எனக்குச் சோறு கிடைச்சிருக்குமா?"

"உனக்கு அசிங்கமாகுமேன்னு..."

"எனக்கா? உனக்குடா. உன் அக்கா அப்படிப் பேசினா உனக்கு அசிங்கம். அதனால மூடிட்ட." மைக்கைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். கம்பியில் அவள் உடம்புச் சூடு இருந்தது. "அந்தத் தடியன்கூட என்னைப் பேச விட்டான்."

அடுத்த இரண்டு நாட்களில் அக்கா வீராங்கனை ஆகிவிட்டாள். அவள் குரல் மெல்ல மெல்ல அடங்கி, வாய் மட்டும் அசைகிற அந்த இருபது விநாடிப் படம் ஒவ்வொரு போனிலும் ஓடியது. 'உண்மையைச் சொன்ன தாயின் குரலை நெரித்தார்கள்' என்று கீழே எழுத்து. அவள் உதட்டசைவை வைத்து என்ன சொன்னாள் என்று ஆளாளுக்குக் கண்டுபிடித்தார்கள். நூறு எலி என்றாள் என்றான் ஒருவன். அவளோடு நின்று படம் எடுத்துக்கொள்ள வீட்டுக்கே ஆட்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவன் குடிக்கத் தண்ணீர் கேட்டான்; அதே கம்பெனி கேனிலிருந்துதான் ஊற்றிக் கொடுத்தோம். குடித்துவிட்டு, "நீங்க விடாதீங்கம்மா" என்றான். அக்கா யாரிடமும் எதுவும் பேசவில்லை. அதையும் பாராட்டினார்கள்.

மூன்றாம் நாள் வெண்ணெய் என்னை அறைக்குக் கூப்பிட்டார். வேலை போயிற்று என்றுதான் போனேன். அவர் முகமெல்லாம் பல்.

"அவங்க உன் அக்காவாமே? எங்கிட்ட ஏன்யா மறைச்ச? சரி, விடு. எத்தனை பேர் பார்த்திருக்காங்க தெரியுமா? இந்த நிகழ்ச்சி ஆரம்பிச்சதுல இருந்து இப்படி ஒரு கூட்டம் வந்ததே இல்லை."

"சரி சார்."

"இத்தனை நாள் நாம தப்புக் கணக்குப் போட்டுட்டோம் ஆந்தை. குரலை மூடுறது தெரியக் கூடாதுன்னு நினைச்சோம். தெரியணும்யா! மூடுறது தெரிஞ்சாத்தான் ஜனங்க காதைத் தீட்டிக்கிட்டு வர்றாங்க. இனிமே வாரத்துக்கு ரெண்டு தடவை பண்ணலாம். நெறியாளர் கேள்வி கேப்பாரு, ஆளு பேச ஆரம்பிப்பாரு, முக்கியமான இடத்துல சரசரன்னு இறங்கும். அப்புறம் ஒரு இடைவேளை." நாற்காலியை என் பக்கம் இழுத்துக்கொண்டார். "ஆனா பழைய மரியாதை சரிப்படாது. அது ரொம்ப வழவழன்னு இருக்கு. அன்னிக்கு நீ பண்ணின பாரு, நடுவுல சட்டுன்னு நின்னு அப்புறம் போச்சே, அதுதான் வேணும். நெஞ்சைப் பிடிக்குது."

"அது சேஃப்ல இருந்துச்சு சார். மென்பொருள்ல இருக்காது."

"இருக்கு. பொறியாளரைக் கேட்டுட்டேன். சேஃப்னா அது ஃபேடரைத் தொடாது, அவ்வளவுதான். நீ தொட்டா எழுதி வெச்சுக்குமாம். எடுத்துட்டோம்."

நான் எழுந்தேன்.

"உட்காருய்யா. உங்க மாமா விஷயமும் கேள்விப்பட்டேன். நம்ம ஆபீஸ் மருத்துவ அட்டை நல்ல அட்டை. அவரை உன் அட்டையில ஏத்திடலாம்."

"மாமாவையெல்லாம் ஏத்த முடியாது சார். பெத்தவங்க, பொண்டாட்டி, பிள்ளை. அவ்வளவுதான்."

"உங்கப்பா இருக்காரா?"

"செத்துட்டார்."

"அப்போ இடம் காலியாத்தானே இருக்கு?"

அவர் விண்ணப்பத்தை ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார். முகத்தில் துளி வெட்கம் கிடையாது. அந்தக் காகிதத்தை அவர் வாயில் திணிக்க வேண்டும் என்று தோன்றியது. மாதம் முடிய ஐந்து நாள் இருந்தது. 'உங்க மாமா இன்னும் சாகலை' என்று அக்கா சொன்னது காதில் இருந்தது; ஹெட்ஃபோனைக் கழற்றினாலும் போகிற குரல் இல்லை அது. பேனாவை வாங்கினேன். என்னைவிடப் பன்னிரண்டே வயது மூத்தவரை, 'உறவு' என்ற கட்டத்தில் தந்தை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"இந்தக் கட்டளைக்கு ஒரு பேரு வைக்கணுமே," என்றார் வெண்ணெய், கணினிப் பக்கம் திரும்பி. அவரே தட்டச்சு செய்தார். வாய்விட்டுப் படித்தார். "அக்கா. நல்லா இருக்குல்ல?"

அட்டை வந்த அன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமா பார்த்துவிட்டு, "அடடா, மகனே!" என்று கையை விரித்தார். அக்கா அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தாள். சேலை முனையால் துடைத்தாள். ஆஸ்பத்திரிப் பைக்குள் வைத்து மூடினாள். எங்கிருந்து, எப்படி, எதற்காக என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எனக்குச் சோறு போட்டாள். அவ்வளவுதான்.

நேற்று 'பொது நாற்காலி'யில் ஒரு லாரி ஓட்டுநர் வந்திருந்தார். காப்பீட்டுக் கம்பெனியோடு தகராறு. நல்ல கனத்த குரல். நாலாம் எண். சோதனையில் அவரைக் காதில் போட்டேன். எச்சிலை விழுங்கிவிட்டு, தான் பேச வேண்டியதை மெதுவாக ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். நாலாவது நிமிடத்தில் அவர் உச்சத்துக்கு வந்தபோது வெண்ணெய் விசையைத் தட்டினார். நாலாம் ஃபேடரின் குட்டித் திரையில் 'அக்கா' என்று ஓடியது. ஃபேடர் இறங்கத் தொடங்கியது.

பாதி வழியில் அது ஒரு கணம் நின்றது. அந்த இடத்தில் ஓட்டுநர் சொன்னது பாலிசி எண்ணோ என்னவோ. அதற்காக நிற்கவில்லை. பிறகு மிச்சத் தூரத்தையும் இறங்கி அடியில் போய்ப் படுத்தது. அவருடைய வாய் அசைந்துகொண்டே இருந்தது.

வீட்டுக்குப் போனபோது தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அதைத்தான் மறுபடி போட்டுக்கொண்டிருந்தார்கள். மாமா உச்சுக் கொட்டினார். "பாவம், இந்த ஆளையும் மூடிட்டானுங்க பாரு."

"பாதியில ஒரு நிறுத்து நிறுத்துறான்," என்றாள் அக்கா, திரையைப் பார்த்தபடியே. "ஏன்டா அது?"

அன்றைக்குப் பிறகு அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

"மெஷின் கோளாறு," என்றேன்.